மோட்டார் வயரும் மூணு பசங்களும்

தக்காளியில ஊசிப்புழு வந்ததைப் பத்தி எழுதறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் இருக்கட்டும். ஆறேழு மாசமா மனசுல கெடக்கற ஒரு சங்கதியை இன்னைக்கு எழுதிடறேன்.

மாசியில ஆரம்பிச்சு பங்குனி முடியறதுக்குள்ள எங்க ஊர்ல ஏழு தோட்டத்துல மோட்டார் வயரு திருட்டுப் போச்சு. எட்டாவது எங்க தோட்டம்.

டவுன்ல இருக்கறவங்களுக்கு இதோட கனம் தெரியாது, அதனால கொஞ்சம் விவரமாச் சொல்றேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் போருக்கும் நடுவுல எங்களுக்கு 40 மீட்டர் தூரம். அந்தக் கேபிளுக்குள்ள மூணு காப்பர் கம்பி ஓடுது. கரண்டு இல்லாத நேரமாப் பார்த்து ரெண்டு முனையையும் வெட்டி, சுருட்டி எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. ஓடைக்குள்ள போட்டு எரிச்சா மேல இருக்கறது கருகி, கம்பி தனியா வந்துரும். 40 மீட்டர்ல நாலு கிலோ தேறும். விக்கறவனுக்கு ரெண்டாயிரம் சொச்சம் கிடைச்சா அதிகம். எனக்கு புது வயரு, எலக்ட்ரீசியன் கூலி எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் ஆச்சு.

காசு கூடப் பரவால்லைங்க. எட்டு தோட்டத்து வேலையும் எலக்ட்ரீசியன் ஒரே ஆளு தலையில. அவர் எங்க தோட்டத்துக்கு வர்றதுக்கு நாலு நாள் ஆயிருச்சு. தக்காளி பூவும் பிஞ்சுமா நிக்குது, சொட்டுநீர்க் குழாய் காஞ்சு கெடக்குது. கட்டுத்தரையில நாலு மாடு, தொட்டியில தண்ணி இல்லை. மாட்டுக்குத் தண்ணி காட்ட டிராக்டர் டேங்கர்ல வெலைக்கு வாங்கினேன். பூ பாதி கொட்டிப் போச்சு. அந்த நாலு நாளும் திருடுனவன் கையில கிடைச்சா என்ன பண்ணுவேன்னு நான் நினைச்சதையெல்லாம் இங்க எழுத முடியாதுங்க.

சித்திரையில ஆள் மாட்டுச்சு. வெக்கைக்கு ஒருத்தர் சாளை வாசல்ல கட்டில் போட்டுப் படுத்திருந்தார். நாய் குலைச்சிருக்குது. எந்திரிச்சு டார்ச் அடிச்சா போர்க்கிட்ட நாலு பேரு. ஒருத்தன் பைக்கை எடுத்துட்டு ஓடிட்டான். மூணு பேரை வாய்க்கா மேட்டுல மடக்கிட்டாங்க.

நான் போறப்ப மணி ஒண்ணரை இருக்கும். தென்னை மரத்துல கட்டி வெச்சிருந்தாங்க. ரெண்டு மூணு அடி விழுந்திருந்துது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா ஒருத்தர்தான், "அவுத்து விட்டு உக்கார வைங்கப்பா, எங்க ஓடிப் போறானுங்க"ன்னார்.

டார்ச் வெளிச்சத்துல பார்த்தா மூணும் பொடுசுங்க. 15, 16, 17 வயசு. சின்னவன், எங்க தோட்டத்துக்குக் களையெடுக்க வர்ற தங்கச்சியோட பையன். நடுவுல இருக்கறவன் தறிக்காரர் மகன். அவனே படிப்பை விட்டுட்டுத் தறிக்குப் போயிட்டிருந்தான். பெரியவன் ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வெச்சிருக்கறவரோட மகன், கூட்டத்துல நின்ன பாதிப் பேருக்குச் சொந்தம். அவன் மூஞ்சியில வெளிச்சம் பட்டதும் ஓங்கியிருந்த கை ஒண்ணு ரெண்டு தானா எறங்குச்சு. அதை நான் பார்த்தேன்.

ஜோப்புல தடவுனா கட்டிங் பிளேயர், ரம்பத் துண்டு, அப்பறம் உதட்டுக்குள்ள வெச்சுக்கற அந்தப் புகையிலைப் பொட்டலம். பெரியவன் வாயில சாராய நாத்தம். "பாத்தீங்களா, எல்லாம் போதை. இதுதான் திருட வைக்குது"ன்னு ஒருத்தர் சொன்னார். எல்லாரும் ஆமாங்கறாங்க. மறுநாள் டீக்கடையிலயும் அதே பேச்சு. போதை, அதனால திருட்டு. முடிஞ்சுது.

எனக்கு அது அவ்வளவு சுலபமாப் படலைங்க. ஏன்னு சொல்றேன்.

விடிஞ்சதும் ஸ்டேஷனுக்குப் போனோம். நானும் புகார் எழுதிக் குடுத்தேன், வயரு போனது போனதுதானே. 18 வயசுக்குக் கீழ இருந்தா சிறார் நீதிச் சட்டம், 2015ல வந்தது. லாக்கப்புல வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள்ள சிறார் நீதிக் குழுமத்துக்கு முன்னால நிறுத்தணும். குழுமம்னா ஒரு மாஜிஸ்ட்ரேட், ரெண்டு சமூக சேவகர், அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் பெண். மூணு வருசத்துக்கு மேல தண்டனை இல்லாத திருட்டுன்னா அது அந்தச் சட்டத்துல சின்னக் குத்தம். பெரியவங்களோட சேர்ந்து செஞ்சதாயிருந்தாத்தான் எஃப்.ஐ.ஆர்., இல்லாட்டி பொது நாட்குறிப்புல எழுதி, பையனோட குடும்ப நிலைமையைப் பத்தி அறிக்கை அனுப்பணும். ஸ்கூலுக்குப் போ, தொழில் கத்துக்கோ, போதை மறுவாழ்வுக்குப் போன்னு குழுமம் உத்தரவு போடலாம்.

இதைக் கேட்டதும் கூட வந்தவங்களுக்கு ஆத்திரம். "அப்ப நம்ம வயருக்கு யாரு பதில் சொல்றது?"ன்னாங்க. நியாயமான கேள்விதான். பைக்ல ஓடுன நாலாவது ஆளு யாருன்னு அப்ப பசங்க வாயைத் தொறக்கலை.

ரெண்டு நாள் கழிச்சு சின்னவனோட அம்மா வந்துச்சு. வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள வரலை.

"அண்ணா, வயருக் காசை என் கூலியில கழிச்சுக்கோங்க. அவன் பத்தாவது மட்டும் எழுதிரட்டுமுங்க."

"நீ கூலியை வாங்கிக்க அம்மிணி. அவனை ஞாயித்துக்கெழமை உன்கூடக் கூட்டியா. எனக்கு அவன்கிட்டப் பேசணும்"னு சொன்னேன்.

வந்தான். மொத ரெண்டு வாரம் வாயே தொறக்கலை. சொட்டுநீர்க் குழாய் முனையைத் தொறந்து உப்பு கழுவி விடறப்ப ஒரு முனையில நான், ஒரு முனையில அவன். தலை நிமிராத வேலைங்கறதால பேச்சு தானா வந்துச்சு.

எட்டாவது படிக்கறப்ப பஸ் ஸ்டாப்புல பெரிய பையன் ஒருத்தன் குடுத்திருக்கான். "பீடின்னா நாத்தம் வருமுங்க. இது வாயில வெச்சா வாத்தியாருக்கே தெரியாதுங்க." எனக்கு முக்கியமாப் பட்டது இந்த வார்த்தைதான். மொத நாள் தலை சுத்தி வாந்தி எடுத்திருக்கான். ஒரு மாசத்துல, அது இல்லாட்டி கிளாஸ்ல உக்கார முடியலை, எரிச்சல் வருது, எவனைப் பார்த்தாலும் சண்டை.

"அப்ப திருட ஆரம்பிச்சது அதுக்கப்பறமாடா?"

கொஞ்ச நேரம் யோசிச்சான். "இல்லீங்க. ஏழாவது படிக்கறப்பவே தேங்காய் எடுத்திருக்கோமுங்க. செல்லுக்கு ரீசார்ஜ் பண்ண. அப்ப ஒண்ணும் போடறதில்லீங்க. சும்மாதானுங்க."

இங்கதான் ஊர் சொன்ன கணக்கு உதைக்குது. திருட்டு முன்ன, போதை பின்ன. அப்ப போதைக்கும் திருட்டுக்கும் சம்பந்தம் இல்லையா? இருக்குது, ஆனா நாம நினைக்கற மாதிரி நேர்கோடு இல்லை.

என் பொண்ணு கோயமுத்தூர்ல சமூகப்பணி படிக்கறா. அவகிட்டக் கேட்டேன். அமெரிக்காவுல பால் கோல்ட்ஸ்டீன்னு ஒருத்தர் 1985லயே போதைக்கும் வன்முறைக்கும் இருக்கற தொடர்பை மூணாப் பிரிச்சிருக்கார்னா. ஒண்ணு, உள்ள போன சரக்கே புத்தியைக் கெடுத்துச் செய்ய வைக்கறது. ரெண்டு, வாங்கறதுக்குக் காசு வேணும்னு செய்யறது. மூணு, அந்த வியாபாரமே சட்டத்துக்கு வெளிய நடக்கறதால, அதுக்குள்ள இருக்கற ஆளுங்களோட பழகி அதுல சிக்கறது.

எங்க ஊர் சங்கதியை இதுல வெச்சுப் பார்த்தேன். மொத வழி பொருந்தலை. இருட்டுல வெட்டி, சுருட்டி, எரிச்சு, எடை போட்டு விக்கற வேலையைத் தலை சுத்தறவன் செய்ய முடியாது. ரெண்டாவது பாதி பொருந்துது. ஒரு நாளைக்கு ரெண்டு பொட்டலம்னா அதுக்குக் காசு வேணும், அம்மா கூலியில அது வராது. மூணாவதுதான் அப்படியே பொருந்துது.

நாலாவது ஆளைப் பத்தி ஒரு வழியா பசங்க சொன்னாங்க. 22 வயசுக்காரன். பஸ் ஸ்டாப்புல மொதப் பொட்டலம் குடுத்தவனும் அவன்தான். டாஸ்மாக்ல 21 வயசு ஆகாதவனுக்கு விக்கக் கூடாதுன்னு விதி இருக்குது. பெரியவனுக்கு வாங்கிக் குடுத்தது இவன். எந்தத் தோட்டத்துல ஆள் படுக்கறதில்லைன்னு பசங்களுக்குத் தெரியும், எந்தக் கடையில கேள்வி கேக்காம எடுப்பாங்கன்னு அவனுக்குத் தெரியும். ரெண்டாயிரத்துல பசங்க கைக்கு வந்தது ஆளுக்கு 200, 300. மிச்சம் அவனுக்கு. அந்த 300லயும் பாதி, பொட்டலத்துக்காக அவன்கிட்டயே திரும்பிப் போயிருது.

பொட்டலம் மூணு பேருக்கும் ஒரு ரகசியத்தைக் குடுத்துச்சுங்க. அப்பா அம்மாவுக்கும் வாத்தியாருக்கும் தெரியாதது, தங்களுக்குள்ள மட்டும் தெரிஞ்சது. ஒரு ரகசியத்தைக் காப்பாத்தப் பழகினவனுக்கு அடுத்த ரகசியம் கஷ்டமில்லை. மாட்டிக்கிட்டு அடி வாங்கறப்பவும் நாலாவது பேரைச் சொல்லலை பாருங்க, அது அங்க பழகினதுதான்.

இதைச் சொன்னப்ப எங்க மாமா ஒருத்தர், "அந்தக் காலத்துல நாங்க கள்ளுக் குடிக்கலையா? வயரு வெட்டுனமா?"ன்னு கேட்டார். கள்ளை 1987ல தடை பண்ணுனாங்க, அதுக்கு முந்தின காலத்தைச் சொல்றார். நல்ல கேள்வி. பொட்டலம் வெச்சவனெல்லாம் திருடறதில்லைங்கறதும் நெசம்தான். ஆனா கள்ளை மரத்தடியில ஊரே பாக்கக் குடிச்சாங்க. பதிமூணு வயசுப் பையன் போய் நின்னா, "உங்கப்பன் வரட்டும் இரு"ன்னு முட்டி எறக்கறவரே வெரட்டியிருப்பார். பையனைக் கண்காணிக்க ஊர் இருந்துச்சு. இந்தப் பொட்டலம் உதட்டுக்குள்ள ஒளிஞ்சுக்குது. நாத்தமும் இல்லை, புகையும் இல்லை. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டுல 2013லயே தடை போட்டாச்சு. ஆனாலும் பள்ளிப் பிள்ளைங்க இந்த உதட்டுப் பொட்டலத்துக்கு அடிமையாகறதைப் பத்தி 2024ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கவலைப்பட்டுக் கேள்வி கேக்கற நிலைமை.

நடுவுல இருக்கறவன் கதை வேற. அவன் பொட்டலத்தோட பஞ்சர் ஒட்டற சொல்யூசனையும் மோந்து பழகியிருந்தான். எய்ம்ஸ் மூலமா எடுத்து 2019ல வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்புல, இந்த மோந்து பாக்கற வகை மட்டும்தான் பெரியவங்களை விடச் சின்னவங்ககிட்ட அதிகம். பெரியவங்கள்ல 0.58 சதவீதம், 10 முதல் 17 வயசுல 1.17 சதவீதம். சைக்கிள் கடையில கிடைக்கற சாமானுக்கு யாரு வயசு கேக்கப் போறாங்க?

பொண்ணு இன்னொண்ணும் சொன்னா. டெர்ரி மாஃபிட்னு ஒரு உளவியல் பேராசிரியை 1993ல எழுதினது. சின்ன வயசுல தப்புப் பண்ற பசங்கள்ல பெரும்பாலானவங்க வயசு ஏற ஏறத் தானா விட்டுருவாங்களாம். சிலபேரு மட்டும்தான் ஆயுசுக்கும் அதுலயே போறது. ஆனா தானா விட வேண்டியவனும் அந்த ரெண்டு மூணு வருசத்துல போதையிலயோ, ஜெயில்லயோ, பாதியில நின்ன படிப்புலயோ மாட்டிக்கிட்டா வெளிய வர்றது கஷ்டம்.

காடைக்குக் கண்ணி வெக்கறதைப் பார்த்தவங்களுக்கு இது வெளங்கும். காடை தானா வருது, தானா போயிரும். நடுவுல கண்ணி இருந்தா கால் மாட்டிக்கும். தேங்காய் எடுத்தது வயசு. நாங்களும் மாங்காய் எடுத்தவங்கதான். பொட்டலம்தான் கண்ணி. அந்தக் கண்ணியை வெச்சது பதினஞ்சு வயசுப் பையன் இல்லைங்க, வயசுல பெரிய ஆளுங்க. மாட்டுனவனைத் தென்னை மரத்துல கட்டி அடிச்சு, திருடன்னு பேரு வெச்சு, ஸ்கூல்ல இருந்தும் எடுத்துட்டா நாம ரெண்டாவது கண்ணி வெச்ச மாதிரி.

அதனால ஊர்க் கூட்டத்துல நான் சொன்னது இது. பசங்களைக் குழுமம் பாத்துக்கட்டும். நாம பெரியவங்களைப் பாப்போம். சட்டம் இதுல கடுமையாவே இருக்குது. பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைக்குச் சாராயமோ புகையிலையோ போதைப்பொருளோ குடுத்தா சிறார் நீதிச் சட்டம் 77வது பிரிவுல ஏழு வருசம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். பிள்ளைகளைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தினா 83வது பிரிவுல ஏழு வருசம் வரைக்கும், அபராதம் அஞ்சு லட்சம் வரைக்கும். திருட்டுச் சாமான்னு தெரிஞ்சு வாங்கறவனுக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 317வது பிரிவுல மூணு வருசம் வரைக்கும் இருக்குது.

கூட்டத்துல எல்லாரும் தலையாட்டிரலை. "பசங்களை அடிச்சாத் தப்பு, கடைக்காரன் பொழப்பைக் கெடுத்தா மட்டும் சரியா?"ன்னு ஒருத்தர். "இரும்புக்கடைக்காரர் கோயில் நோம்பிக்கு நன்கொடை குடுக்கறவராச்சே"ன்னு இன்னொருத்தர். கடைசியில வயரு பறிகொடுத்த எட்டுப் பேர்ல அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டோம்.

என்ன நடந்துச்சுன்னா, 22 வயசுக்காரன் மேல கேஸ் ஆயிருச்சு. பசங்களைக் கூட வெச்சுச் செஞ்சதுன்னு எழுதியிருக்காங்க. இரும்புக்கடைக்கு போலீஸ் போச்சு. இப்ப காப்பர் கொண்டு வந்தா பேரு, போன் நம்பர் நோட்டுல எழுதறார். பொட்டலம் வித்த கடையை உணவுப் பாதுகாப்புத் துறையில இருந்து வந்து பூட்டினாங்க. கொஞ்ச நாள்ல தொறந்தாச்சு. இப்ப முன்னால தொங்கறதில்லை. கேட்டா உள்ள இருந்து வருதுன்னு சொல்றாங்க. சித்திரைக்கப்பறம் ஊர்ல ஒரு வயரு கூடப் போகலை.

மூணு பேர்ல பெரியவனை அவங்கப்பா பல்லடத்துல மாமன் வீட்டுக்கு அனுப்பிட்டார், ஐ.டி.ஐ.யில சேத்திருக்காங்களாம். நடுவுல இருக்கறவனைக் குழுமம் போதை மறுவாழ்வு ஆலோசனைக்குப் போகச் சொல்லுச்சு. ரெண்டு தடவை போனான், அப்பறம் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போறேன்னு போனவன், ஒரு தகவலும் இல்லை. தறி அடிக்கற சத்தத்துல அவங்கப்பாவுக்கு யாரும் எதுவும் கேக்கறதில்லை, அவரும் சொல்றதில்லை. எனக்கு அவனை நினைச்சாத்தான் மனசு கனக்குது. படிப்பும் இல்லாம, வீட்டுல கேக்க நேரமும் இல்லாம இருந்தவன் அவன்தான். நாலாவது ஆளு போயிட்டா இன்னொரு நாலாவது ஆளு திருப்பூர்லயும் இருப்பான்.

சின்னவன் பத்தாவது போறான். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல மாசம் ஒரு தடவை காட்டறாங்க, அவங்கம்மா அன்னைக்குக் கூலியை விட்டுட்டுப் போகுது. காலாண்டுல கணக்குல 38. முழுசா விட்டுட்டயாடான்னு போன வாரம் கேட்டேன். "வாரத்துல ஒண்ணு ரெண்டு வெக்கறேனுங்க"ன்னான். பொய் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. சொன்னான் பாருங்க, ரகசியம் அந்த இடத்துல உடைஞ்சிருக்குதுன்னு எடுத்துக்கிட்டேன்.

உங்க ஊர்லயும் வயரு போகும், தேங்காய் போகும். ஆளைப் பிடிச்சாச்சுன்னா கையை ஓங்கறதுக்கு முன்ன ரெண்டு கேள்வி கேளுங்க. உனக்குக் குடுத்தவன் யாரு? உன்கிட்ட வாங்கினவன் யாரு? ஓடையில ரப்பர் கருகற நாத்தம் வந்தா, யாரோ எரிக்கறாங்கன்னு போயிராம எட்டிப் பாருங்க. பிள்ளைங்க சம்பந்தமா உதவி வேணும்னா 1098, போதைப் பழக்கத்தை விட ஆலோசனை வேணும்னா 14446, ரெண்டும் காசில்லாத நம்பர்தான். பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு எட்டாவது படிக்கற பையன்கிட்டச் சிநேகமாப் பேசற வாலிபனை நீங்களும் பார்த்திருப்பீங்க. பக்கத்துல போய் நின்னு, "யாரப்பா நீ, எந்த ஊரு?"ன்னு கேளுங்க. நம்ம ஊர்ல அதுக்கு நமக்கு உரிமை இருக்குதுங்க.

ஊசிப்புழு அடுத்த வாரம்.